பாதியில் நின்ற பதிவு: ஒரு பால் கணக்குச் செயலியைப் பழுதுபார்த்த அனுபவம்

தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பால் சொசைட்டிக்காக நான் எழுதிக் கொடுத்த ஆண்ட்ராய்டு செயலி, எட்டு மாதங்கள் எந்தப் புகாரும் இல்லாமல் ஓடியது. காலை ஐந்தரை மணிக்குப் பால் ஊற்ற வருவோர் வரிசையில் நிற்கத் தொடங்கினால், ஏழரை வரை செயலர் அக்காவுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. உறுப்பினர் எண்ணைத் தட்ட வேண்டும். தராசு காட்டும் லிட்டரையும், பால் சோதிக்கும் கருவி காட்டும் கொழுப்பு, எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) அளவுகளையும் பதிய வேண்டும். பிறகு 'பதிவு செய்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். ஓர் ஆளுக்கு அரை நிமிடத்துக்கு மேல் எடுத்தால் வரிசை வாசலைத் தாண்டிவிடும்.

ஒன்பதாவது மாதத்தில் ஒரு மூதாட்டி தன் அட்டையோடு வந்து நின்றார். "அம்மிணி, எங்கூட்டு மாடு வத்திப் போய் மூணு நாளாச்சு. எங்கணக்குல எப்படி ஆறு லிட்டர் ஏறும்?" என்று கேட்டார். அவர் கேட்காமல் இருந்திருந்தால் அவருக்கு லாபம்; ஆனால் அந்த ஆறு லிட்டர் வேறொருவரின் மாடு கறந்த பால் என்பதை அவர் உடனே புரிந்துகொண்டிருந்தார். அக்கா அன்று மதியமே என்னை அழைத்தார். அவர் சொன்னதில் இரண்டு விவரங்கள் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. முதலாவது, மூதாட்டியின் உறுப்பினர் எண் 1. இரண்டாவது, அந்தத் தவறான பதிவு நடந்த நேரத்தில் டேங்கர் ஓட்டுநரிடமிருந்து அக்காவுக்கு ஓர் அழைப்பு வந்திருந்தது.

எண் 1 என்பது தற்செயலாக இருக்க முடியாது என்று எனக்கு அப்போதே தோன்றியது. என் நிரலில் உறுப்பினர் பட்டியலை ஏற்றும் இடத்தில், யாரும் தேர்ந்தெடுக்கப்படாதிருந்தால் பட்டியலின் முதல் ஆளை எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரி எழுதியிருந்தேன். ஆகவே, செயலி எங்கோ நடுவில் தன் நினைவை இழந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. ஆனால் அப்படித் தொடங்கியிருந்தால் லிட்டர் கட்டமும் வெறுமையாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? அக்கா தெளிவாகச் சொன்னார்: "நம்பரெல்லாம் அப்படியே இருந்துச்சு தம்பி, அதனாலதான் நான் மேல பேரைப் பாக்காமயே அமுக்கிட்டேன்." இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று நாள் ஆனது.

முதல் நாள் முழுவதும் அழைப்பையே துரத்தினேன். ஆண்ட்ராய்டில் ஒரு திரை உயிர்பெறுவது முதல் மறைவது வரை இயங்குதளம் அதற்குச் சில நிலை மாற்றங்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும். உருவாகும்போது ஆன்கிரியேட், கண்ணுக்குத் தெரியும்போது ஆன்ஸ்டார்ட், விரலுக்கு வசப்படும்போது ஆன்ரெஸ்யூம். பின்வாங்கும்போது ஆன்பாஸ், ஆன்ஸ்டாப், ஆன்டெஸ்ட்ராய் என்று அதே படிகளில் இறங்கும். ஒவ்வொரு படியிலும் நேரத்தோடு ஒரு வரி பதியும்படி நிரலை மாற்றி, என் கைப்பேசியில் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, மனைவியின் எண்ணிலிருந்து அழைக்கச் சொன்னேன்.

அழைப்பு வந்தது, திரையின் மேல்பகுதியில் பச்சை, சிவப்புப் பொத்தான்களுடன் ஒரு பட்டை இறங்கியது, என் பதிவேட்டில் ஒரு வரியும் விழவில்லை. அழைப்பு வந்தாலே செயலி இடைநிறுத்தப்படும் என்று நான் அதுவரை நம்பியிருந்தேன். 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதலே, கைப்பேசி பயன்பாட்டில் இருக்கும்போது வரும் அழைப்பு மேலிருந்து இறங்கும் அறிவிப்பாகத்தான் வருகிறது. அந்த அறிவிப்பு நம் திரையின் நிலையைத் தொடுவதே இல்லை. அறிவிப்புத் திரையை மேலிருந்து இழுத்துப் பார்த்தேன். அப்போதும் ஆன்பாஸ் வரவில்லை, சாளரம் கவனத்தை இழந்தது என்ற வேறொரு செய்தி மட்டும் வந்தது. அனுமதி கேட்கும் பெட்டி வந்தபோதோ ஆன்பாஸ் வந்தது, ஏனெனில் அது இயங்குதளத்துக்குச் சொந்தமான இன்னொரு திரை. நம் செயலியே காட்டும் உரையாடல் பெட்டிக்கு எதுவும் வராது. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இந்தக் குறுக்கீடுகள் இயங்குதளத்தின் கணக்கில் முற்றிலும் வெவ்வேறானவை என்பதை ஆவணத்தில் படித்திருந்தாலும், பதிவேட்டு வரிகளாகக் கண்முன்னே பார்த்தபோதுதான் அது மனத்தில் பதிந்தது.

அழைப்பை எடுத்து, அழைப்புத் திரையை முழுதாகத் திறந்தபோதுதான் ஆன்பாஸும் ஆன்ஸ்டாப்பும் வந்தன. பேசி முடித்துத் திரும்பினேன். லிட்டர் இருந்தது, உறுப்பினர் பெயரும் இருந்தது. தவறு ஏதும் நேரவில்லை. பத்து முறை செய்து பார்த்தேன், பத்து முறையும் சரியாகவே வந்தது. என் கைப்பேசியில் 8 ஜிபி நினைவகம் என்பதும், அக்காவுடையதில் 2 ஜிபி என்பதும் எனக்கு நினைவுக்கு வந்தது அன்று இரவு படுத்த பிறகுதான்.

மறுநாள், நிரலாளர்களுக்கான அமைப்புகளான டெவலப்பர் ஆப்ஷன்ஸில் உள்ள, திரைகளை வைத்திருக்க வேண்டாம் என்ற தெரிவை இயக்கினேன். அதை இயக்கினால், நாம் வெளியேறிய நொடியே ஒவ்வொரு திரையையும் இயங்குதளம் அழித்துவிடும். தவறு அப்போதும் வரவில்லை. காரணம் இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது: அந்தத் தெரிவு திரையை மட்டுமே அழிக்கிறது, செயலியின் புராசஸ், அதாவது நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் செயலி, உயிரோடுதான் இருக்கிறது. நான் 'தற்போதைய உறுப்பினர்' என்ற தகவலைத் திரைக்குள் வைக்காமல், செயலி முழுவதற்கும் பொதுவான ஒரு சிங்கிள்டன் பொருளில் வைத்திருந்தேன். புராசஸ் இருக்கும் வரை அதற்குச் சேதமில்லை. கைப்பேசியைத் திருப்பிப் பார்க்கும் சோதனையை எழுதிய நாளிலேயே செய்து முடித்திருந்தேன். அதுவும் இதே காரணத்தால்தான் தேறியிருக்கிறது. திரை திரும்பும்போது திரை அழிந்து மறுபடி உருவாகிறது, ஆனால் திரைக்கான தரவைத் தனியே வைத்திருக்கும் வியூமாடலும் சிங்கிள்டனும் தப்பிக்கின்றன. திரை சுழற்சியைத் தாண்டிவிட்டால் நிலை மேலாண்மை முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் என்னைப் போல் பலர் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பயிற்சிப் பாடங்கள் பெரும்பாலும் சுழற்சியை வைத்தே இதைச் சொல்லித் தருகின்றன.

மூன்றாம் நாள், செயலியில் உறுப்பினர் 43ஐத் தேர்ந்தெடுத்து, 6.4 லிட்டர், கொழுப்பு 4.2, எஸ்.என்.எஃப் 8.1 என்று நிரப்பி, பதிவு செய்யாமல் முகப்புத் திரைக்குப் போனேன். கைப்பேசியைக் கணினியுடன் இணைத்து, 'ஏடிபி ஷெல் ஆம் கில்' என்ற கட்டளையைச் செயலியின் தொகுப்புப் பெயரோடு கொடுத்தேன். பின்னணியில் இருக்கும் ஒரு புராசஸை, நினைவகம் போதாதபோது இயங்குதளம் கொல்வதைப் போலவே இந்தக் கட்டளை கொல்கிறது. அமைப்புகளில் உள்ள கட்டாய நிறுத்தப் பொத்தான் இதற்கு ஈடாகாது. அது சேமித்த நிலையையும் சேர்த்துத் துடைத்துவிடும். பிறகு சமீபத்திய செயலிகள் பட்டியலிலிருந்து செயலியைத் திறந்தேன்.

திரையில் 6.4 இருந்தது. 4.2 இருந்தது. 8.1 இருந்தது. மேலே, உறுப்பினர் எண் 1 என்றும் மூதாட்டியின் பெயரும் இருந்தன.

நடந்தது இதுதான். எடிட்டெக்ஸ்ட் என்ற உள்ளீட்டுக் கட்டம், அதற்கு ஓர் அடையாளப் பெயர் கொடுக்கப்பட்டிருந்தால், தன்னுள் தட்டிய எழுத்தைத் தானாகவே சேமிப்பு மூட்டைக்குள் வைத்துக்கொள்ளும். புராசஸ் இறந்தாலும் அந்த மூட்டையை இயங்குதளம் தன்னிடம் வைத்திருந்து, பயனர் திரும்பி வரும்போது ஒப்படைக்கிறது. ஆகவே மூன்று எண்களும் உயிர்த்தெழுந்தன. உறுப்பினர் பெயரைக் காட்டும் இடமோ சிங்கிள்டனைப் பார்த்து நிரப்பப்படுவது. புதிதாகப் பிறந்த சிங்கிள்டன் தன் வழக்கப்படி பட்டியலின் முதல் ஆளைக் காட்டியது. எல்லாம் அழிந்திருந்தால் அக்கா சலித்துக்கொண்டு மறுபடி தட்டியிருப்பார், கணக்கு பிழைத்திருக்கும். பாதி மீண்டு, பாதி மீளாமல், முழுதாக இருப்பதுபோல் தோன்றியதால்தான் ஒருவர் பால் இன்னொருவர் கணக்கில் ஏறியது.

அக்காவின் கைப்பேசியில் இருப்பது ஆண்ட்ராய்டு 11. அந்தப் பதிப்பிலிருந்து, ஒரு செயலி தன் முந்தைய மரணங்களுக்கான காரணங்களை இயங்குதளத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். என் செயலியின் அடுத்த பதிப்பில் அந்த வசதியை இணைத்து அனுப்பி, ஒரு வாரம் சேகரித்தேன். 'குறைந்த நினைவகம்' என்ற காரணத்தை எதிர்பார்த்தேன். வந்ததெல்லாம் 'சிக்னல், 9' என்று இருந்தது. சில கருவிகள் நினைவகப் பற்றாக்குறையைத் தனிக் காரணமாக அறிவிப்பதில்லை, கொல்லும் சிக்னலை மட்டுமே காட்டுகின்றன. நேரங்களை ஒப்பிட்டபோது, அழைப்புகளைவிட ஒளிப்படக் கருவியே அதிகமுறை கொன்றிருந்தது. டேங்கர் கிளம்பும்போது ஓட்டுநர் தரும் சீட்டை அக்கா செயலிக்குள்ளிருந்தே படம் எடுப்பார். கேமரா செயலி நினைவகத்தைப் பெருமளவு கேட்கும். 2 ஜிபியில் அதற்கு இடம் தர, பின்னால் போன என் செயலிதான் முதலில் பலியாகும்.

பழுதுபார்ப்பில் நான் முதலில் எடுத்த வழி தவறானது. சேமிப்பு மூட்டைதான் தப்பிக்கிறது என்று தெரிந்ததும், எல்லாவற்றையும் அதில் திணித்தேன்: உறுப்பினர் எண், வேளை, அதோடு டேங்கர் சீட்டின் படத்தையும் பைட்டுகளாக. அன்று மாலையே செயலி முகப்புத் திரைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் உடைந்து விழுந்தது. அந்த மூட்டை பைண்டர் என்ற வழித்தடத்தில் இயங்குதளத்துக்குச் செல்கிறது. அதன் இடையகம் ஒரு புராசஸுக்கு மொத்தமாக 1 எம்பி மட்டுமே, அதையும் அந்நேரத்தில் நடக்கும் எல்லாப் பரிமாற்றங்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். படமோ ஏறத்தாழ ஒன்றரை எம்பி. ஆண்ட்ராய்டு 7.0 முதல் இந்த மீறலை இயங்குதளம் பிழையாகவே எறிகிறது. மூட்டையில் வைக்க வேண்டியது பொருளை அல்ல, பொருள் இருக்கும் இடத்தின் முகவரியை என்று அன்று மாலை விளங்கியது.

அதன்பின் தாளில் மூன்று பத்திகள் போட்டு எழுதினேன். திரை சுழன்றால் மட்டும் தப்பினால் போதும் என்பவை வியூமாடலில்: விலைப் பட்டியல், வடிகட்டிய உறுப்பினர் பட்டியல் போன்றவை, தரவுத்தளத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் மீண்டும் ஏற்றக்கூடியவை. புராசஸ் இறந்தாலும் தப்ப வேண்டிய சிறு துணுக்குகள் வியூமாடலோடு வரும் சேவ்ட்ஸ்டேட்ஹேண்டிலில்: எந்த வரைவு (இன்னும் முடிக்காத பதிவு) திறந்திருக்கிறது என்ற அடையாள எண், படம் எழுதப்படும் கோப்பின் பெயர். பயனர் தட்டியது எதுவோ அது மட்டும் தரவுத்தளத்தில், ரூம் என்ற நூலகம் வழியாக, 'வரைவு' என்ற தனி அட்டவணையில். சிங்கிள்டனை முழுதாக அகற்றினேன். அதோடு, யாரும் தேர்வாகாதபோது முதல் ஆளை எடுத்துக்கொள்ளும் அந்த வரியையும் நீக்கினேன். இப்போது உறுப்பினர் இல்லையென்றால் அந்த இடம் சிவப்பாக வெறுமையாக இருக்கும், பதிவுப் பொத்தான் அழுந்தாது. இந்தப் பழுதுபார்ப்பு முழுவதிலும் மிகச் சிறிய மாற்றம் அதுதான். முதல் நாளே அது இருந்திருந்தால் மூதாட்டி அட்டையோடு நடந்து வந்திருக்க வேண்டியதில்லை.

வரைவை எப்போது எழுதுவது என்பதில் நீண்ட நேரம் தடுமாறினேன். ஆன்டெஸ்ட்ராயில் எழுதலாம் என்பது முதல் எண்ணம். ஆனால் புராசஸ் கொல்லப்படும்போது அது அழைக்கப்படும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஆன்பாஸ் மிகக் குறுகியது. அது முடியும் வரை அடுத்த திரை காத்திருக்கும், ஆகவே அங்கே தரவுத்தள வேலை வைப்பது முறையல்ல. ஆன்ஸ்டாப் பொருத்தமான இடம்தான், ஆயினும் அங்கே தொடங்கிய எழுத்து முடிவதற்குள் கொல்லப்படவும் கூடும். இறுதியில், விடைபெறும் நேரத்துக்காகக் காத்திருப்பதையே கைவிட்டேன். கட்டத்தில் தட்டுவது நின்று 300 மில்லிநொடி ஆனதும் வரைவு எழுதப்படுகிறது. உறுப்பினர் தேர்வானால் உடனே எழுதப்படுகிறது. ஆன்ஸ்டாப்பில் மிச்சமிருப்பது ஏதேனும் இருந்தால் அதுவும். அந்த எழுதும் வேலையைத் திரையோடு கட்டாமல், செயலியின் ஆயுளோடு கட்டினேன்; இல்லாவிட்டால் திரை அழியும்போது எழுத்தும் பாதியில் ரத்தாகிவிடும்.

வரைவு முறைக்கு மாறியதால் வேறொரு நன்மையும் கிடைத்தது. அக்கா, பலரையும் போல, சில நிமிடங்களுக்கு ஒருமுறை சமீபத்திய செயலிகள் எல்லாவற்றையும் மேலே தள்ளிவிடும் பழக்கம் உடையவர். கைப்பேசி வேகமாகும் என்பது அவர் நம்பிக்கை. அப்படித் தள்ளும்போது, பயனர் வேண்டுமென்றே மூடினார் என்று கருதி இயங்குதளம் சேமிப்பு மூட்டையைத் தூக்கி எறிந்துவிடும். தரவுத்தளத்தில் உள்ள வரைவை அது தொடாது.

இதே வேளையில் இன்னொரு பாதி மீட்சியையும் கண்டேன், இது எதிர்த்திசையில் நடப்பது. ஆண்ட்ராய்டு 11இல் முதன்மைத் திரையில் பின்செல் பொத்தானை அழுத்தினால் திரை முற்றிலும் முடிந்துவிடும், ஆனால் புராசஸ் சிறிது நேரம் உயிரோடு இருக்கும். என் செயலியின் பழைய பதிப்பை அப்போது மறுபடி திறந்தால், கட்டங்கள் வெறுமையாகவும் உறுப்பினர் மட்டும் பழையவராகவும் நிற்பார். என் கைப்பேசியில் ஆண்ட்ராய்டு 13. ஆண்ட்ராய்டு 12 முதல் அதே பொத்தான் திரையை முடிக்காமல் பின்னணிக்கு மட்டுமே அனுப்புகிறது. ஆகவே என் கையில் இது ஒருநாளும் வந்திருக்காது. சொசைட்டியில் மாற்றாக வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு 8 கைப்பேசியிலும் இதுபோல் ஒன்று: ஆன்ஸ்டாப்பில் நான் மாற்றிய ஒரு மதிப்பு சேமிப்பு மூட்டையில் ஏறவே இல்லை. ஆண்ட்ராய்டு 9 முதல்தான் ஆன்ஸ்டாப்புக்குப் பின் மூட்டை கட்டப்படுகிறது. அதற்கு முன் ஆன்ஸ்டாப்புக்கு முன்பே கட்டிவிடுவார்கள். அக்காவின் கைப்பேசியைப் போன்ற பழைய கைப்பேசி ஒன்றை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டது நான் செய்த நல்ல செலவு.

கேமராவுக்குத் தனி வேலை இருந்தது. கேமராவைத் திறப்பதற்கு முன்பே கோப்பின் பெயரைச் சேமித்துவிட வேண்டும். முன்பு அது ஒரு சாதாரண மாறியில் இருந்ததால், புராசஸ் இறந்து திரும்பும்போது 'படம் எடுக்கப்பட்டது' என்ற செய்தி வரும், எங்கே என்பது தெரியாது. கேமராவின் முடிவைப் பெறும் நிரல்பகுதியை இணைப்பதையும், பொத்தானை அழுத்தும்போது அல்லாமல், திரை உருவாகும்போதே எந்த நிபந்தனையும் இன்றிச் செய்ய வேண்டும். அப்போதுதான் மறுபிறவி எடுத்த திரைக்கு அந்த முடிவு வந்து சேரும்.

புளூடூத் தராசின் இணைப்பை முன்பு ஆன்பாஸில் துண்டித்து ஆன்ரெஸ்யூமில் இணைத்துவந்தேன். அனுமதிப் பெட்டி வந்தால்கூடத் தராசு அறுந்துபோனது இதனால்தான். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 முதல் இரு செயலிகளை ஒருசேரக் காட்டும் பிரிதிரை இருப்பதால், ஆன்பாஸ் வந்த பிறகும் நம் திரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கலாம். இணைப்பை ஆன்ஸ்டார்ட்டுக்கும் ஆன்ஸ்டாப்புக்கும் மாற்றினேன்.

இவையெல்லாம் முடிந்து நிம்மதியாக இருந்தபோது அக்காதான் கேட்டார்: "காலையில பாதியில விட்டது சாயங்காலம் தொறந்தா வந்து நிக்குமா தம்பி?" நிற்கும். அதுவும் மாலைக் கணக்கில் நிற்கும், ஏனெனில் காலையா மாலையா என்பதைச் செயலி அப்போதைய கடிகாரத்தைப் பார்த்தே முடிவு செய்தது. நிலையை மீட்பதில் இவ்வளவு கவனமாக இருந்த நான், மீட்கக் கூடாத நிலையும் உண்டு என்பதை யோசிக்கவே இல்லை. வரைவு தொடங்கிய நேரத்தையும் வேளையையும் வரைவோடு சேர்த்தே எழுதினேன். இரண்டு நிமிடத்துக்குள் திரும்பினால் செயலி ஒன்றும் கேட்காமல் விட்ட இடத்தில் நிற்கும். அதைத் தாண்டினால் மேலே ஒரு மஞ்சள் பட்டை வரும்: 'காலை 6.42க்கு நிறுத்திய பதிவு. உறுப்பினர் 43. தொடர்க, நீக்குக.' பெயரையும் எண்ணையும் பெரிய எழுத்தில் போட்டேன். ஒவ்வொரு வரைவுக்கும் தனி அடையாள எண் இருப்பதால், பதறி இருமுறை அழுத்தினாலும் ஒரே பதிவாகத்தான் ஏறும்.

புதிய பதிப்பை நிறுவிய அன்று காலை நானும் சொசைட்டியில் போய் உட்கார்ந்தேன். ஆறே முக்காலுக்கு டேங்கர் ஓட்டுநர் அழைத்தார். அக்கா லிட்டரைத் தட்டியிருந்தார், கொழுப்பு இன்னும் தட்டவில்லை. அழைப்பை எடுத்துப் பேசிக்கொண்டே, ஓட்டுநர் கேட்ட முந்தைய நாள் சீட்டை வாட்ஸ்அப்பில் தேடி அனுப்பினார். திரும்பியபோது செயலி ஒரு கணம் வெள்ளையாகி வந்தது. புராசஸ் இறந்திருக்கிறது என்பதற்கு எனக்கு அந்த வெண்மையே அடையாளம். மஞ்சள் பட்டையில் உறுப்பினர் 17 என்று இருந்தது. அக்கா நிமிர்ந்து, கேனோடு நின்ற பெண்ணைப் பார்த்து, "பதினேழுதானே கண்ணு?" என்று கேட்டுவிட்டுத் தொடர்கவை அழுத்தினார்.

மூதாட்டியின் ஆறு லிட்டர் நாற்பத்து மூன்றாம் எண்ணுக்கு மாற்றப்பட்டுவிட்டது. புராசஸ் இறந்து மீளும்போது தராசு மறுபடி இணைய நான்கு நொடி ஆகிறது. அந்த நேரத்தில் அக்கா எடையைக் கண்ணால் பார்த்துக் கையால் தட்டுகிறார். அடுத்து அதில்தான் கைவைத்திருக்கிறேன்.